யார் சுட்டது?

அன்புள்ள ஐயா,
ஹைப்ரிட் போர், அதாவது கலப்புப் போர் பற்றி அப்பாவிடம் பேசினேன். அவர் மலேசியாவின் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "பெரிய நாட்டுச் சண்டை, நமக்கென்ன?" என்றார். சுட்டு வீழ்த்தப்பட்ட எம்எச்17 விமானம் பற்றிக் கேட்டால், "யார் சுட்டாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்கிறார். இது நிஜமாகவே புது வகைப் போரா?
க.

அன்புள்ள க.,

அப்பாவின் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைனில் நம் மலேசிய விமானம் எம்எச்17 சுட்டு வீழ்த்தப்பட்டது. இறந்த 298 பேரில் 43 பேர் மலேசியர்கள். அப்புறம் மாஸ்கோவிலிருந்து கதைகள் வந்தன. உக்ரைன் போர் விமானம் சுட்டது என்றார்கள். பிறகு, உக்ரைனின் ஏவுகணை என்றார்கள். முதல் கதையை அடுத்த கதை வெட்டியது. சொன்னவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஏதாவது ஒன்றை நாம் நம்ப வேண்டும் என்பதில்லை. கேட்டுச் சலித்து, "யாருக்குத் தெரியும்" என்று கையை உதறினால் அவர்களுக்குப் போதும். அப்பாவைக் குறை சொல்லவில்லை. எனக்கும் அந்தச் சலிப்பு வந்திருக்கிறது.

படை, பொய்ச்செய்தி, கணினித் தாக்குதல் எல்லாவற்றையும் சேர்த்து இறக்குவது, போர் என்று மட்டும் சொல்லாமல் இருப்பது. இதுதான் கலப்புப் போரின் அடிப்படை. அதே 2014 பிப்ரவரியில் உக்ரைனின் கிரிமியாவில் சின்னமில்லாத சீருடையோடு ஆட்கள் இறங்கினார்கள். தன் ஆட்கள் இல்லை என்று ரஷ்யா முதலில் மறுத்தது, ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் ஹேக்கர்கள் கணினி வழியே புகுந்து 2 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளுக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். புகார் சொல்லும் எண்ணிலும் பொய் அழைப்புகளைக் குவித்தார்கள். குளிர்கால இருட்டில் போன் போட்டு லைன் கிடைக்காதவர் யாரைத் திட்டுவார்? உள்ளூர் மின் அலுவலகத்தைத்தான்.

புதுசா என்றால், பாதி பழசு. 1948இல் உங்கள் ஊர்ப்பக்கம் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் சுடப்பட்டதும் பிரிட்டிஷ் ஆட்சி அவசரகாலம் கொண்டுவந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, கடையிலேயே டின்னில் ஓட்டை போட்டுத்தான் விற்றார்கள். ஒழுகும் டின்பாலை விரலால் அடைத்தபடி லயத்துக்கு நடந்ததை என் பாட்டி சொல்லியிருக்கிறார். அதுவும் சோற்றை வைத்து நடத்திய போர்தான். ஆனால் உத்தரவு போட்டது யார் என்று பாட்டிக்குத் தெரியும். இன்று ஓட்டை போடும் கை கண்ணில் படுவதில்லை.

சரி, யார் சுட்டது? 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் ரஷ்ய ஆதரவுப் பிரிவினைவாதிகள் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஏவுகணை, தரையிலிருந்து விமானத்தைச் சுடும் பூக் வகை, கிழக்கு உக்ரைனின் பெர்வோமைஸ்கி அருகே ஒரு விவசாய வயலிலிருந்து ஏவப்பட்டது என்று தீர்ப்பில் இருக்கிறது. அந்த வயலைப் பற்றி அப்பாவிடம் சொல்லுங்கள்.