நிலா மறைஞ்சதும் நின்னுபோன கப்பல்கள்

கேள்வி: ஒரு சந்திர கிரகணத்தால ஒரு பெரிய படையே அழிஞ்சுபோச்சுன்னு கிளாஸ்ல சார் சொன்னாரு. நெஜமாவா? (கல்லூரி மாணவி, கும்பகோணம்)

பதில்: நடந்ததுதாம்மா. கி.மு. 413, ஆகஸ்ட் 27 ராத்திரி, சிசிலித் தீவுல சிராகூஸ்ங்கிற ஊர். கிரேக்க நகரமான ஏதென்ஸ்காரங்க அந்த ஊரைப் பிடிக்க வந்து ரெண்டு வருஷமா மல்லுக்கட்டியும் ஒண்ணும் நடக்கல, சதுப்பு நிலத்துல கேம்ப் போட்டதால சிப்பாய்ங்களுக்கு வியாதி வேற, சரி திரும்பிடலாம்னு முடிவு பண்ணி கப்பலெல்லாம் ரெடி. அந்த நேரத்துல பௌர்ணமி நிலா முழுசா மறைஞ்சுது. சிப்பாய்ங்க பயந்துபோய் இப்ப கிளம்ப வேணாம்னு சொல்ல, தளபதி நிசியாஸுக்கும் சகுனத்துல ரொம்ப நம்பிக்கை, குறி சொல்றவங்க மூணு ஒன்பது நாள், அதாவது 27 நாள் பொறுக்கணும்னு சொன்னதும் அதுக்கு முன்னாடி கிளம்புற பேச்சே வேணாம்னுட்டாரு.

விஷயம் தெரிஞ்ச சிராகூஸ்காரங்க கடல்ல வந்து அடிச்சாங்க, துறைமுக வாசல்ல கப்பலையும் படகையும் வரிசையா நங்கூரம் போட்டு அடைச்சாங்க. தரை வழியா ஓடப் பார்த்தவங்க வழியிலயே மாட்டினாங்க. நிசியாஸையும் இன்னொரு தளபதி டெமாஸ்தனீஸையும் (பேச்சாளர் டெமாஸ்தனீஸ் வேற ஆளு) கொன்னுட்டாங்க. 7,000 பேருக்குக் குறையாம கல்குவாரியில அடைச்சாங்க, பகல்ல வெயில், ராத்திரியில குளிர், ஒருத்தருக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட கால் லிட்டர் தண்ணி, அரை லிட்டர் தானியம், செத்தவங்க பக்கத்துலயே குவிஞ்சு கெடந்தாங்க. இதையெல்லாம் அதே காலத்துல வாழ்ந்த வரலாற்று ஆசிரியர் துசிடிடிஸ் எழுதி வெச்சிருக்காரு, படிக்கப் படிக்க மனசு தாங்காது.

ஆனா பழியை முழுக்க கிரகணத்து மேல போட எனக்கு மனசு வரல. டெமாஸ்தனீஸ் அதுக்கு முன்னாடியே கிளம்பிடலாம்னு சொன்னாரு. தோத்துட்டுப் போனா ஏதென்ஸ் ஜனங்க தண்டிச்சுடுவாங்கன்னு இழுத்தடிச்சது நிசியாஸ்தான். உயிரோட ஊர் திரும்பியிருக்க வேண்டிய பசங்க அத்தனை பேரும் அந்தத் தாமதத்துக்குத்தான் பலி.

கேள்வி: கிரகணம் ஏன் வருதுன்னு அப்ப யாருக்குமே தெரியாதா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: தெரியும், அதுவும் ஏதென்ஸ்லயே! நிலாவுக்கு வெளிச்சம் சூரியன்கிட்டேருந்து வருது, பூமி நடுவுல வந்தா மறையுதுன்னு தத்துவ ஞானி அனக்சகோரஸ் அதுக்குப் பல வருஷம் முன்னாடியே சொல்லிட்டாரு. சூரியனைப் பழுக்கக் காய்ஞ்ச பாறைன்னு சொன்னதுக்காக அவர் மேல தெய்வ நிந்தனை கேஸ் போட்டாங்க, அதனால இந்த விளக்கமெல்லாம் கொஞ்சப் பேருக்குள்ளயே ரகசியமா சுத்திக்கிட்டு இருந்துச்சுன்னு பழைய எழுத்தாளர் புளூடார்க் சொல்றாரு. பூமியோட காத்துமண்டலம் வளைச்சு அனுப்புற சிவப்பு வெளிச்சத்தாலதான் முழு கிரகணத்துல நிலா ரத்தம் மாதிரி தெரியுது, அது தெரியாதவன் கண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க.

நிசியாஸுக்குப் பின்னாடி வந்த ஏதென்ஸ் எழுத்தாளர் பிலோகோரஸ், அவரே குறி பார்க்கிறவர்தான், தப்பிச்சுப் போறவங்களுக்கு இருட்டு நல்ல சகுனம்தானேன்னு எழுதினாரு. கி.மு. 168ல ரோமுக்கும் மாசிடோனியாவுக்கும் நடந்த பிட்னா போருக்கு முன்னாடி ரோம் அதிகாரி காலஸ், இன்னைக்கு ராத்திரி நிலா மறையும், இது இயற்கைதான்னு சிப்பாய்ங்களைக் கூப்பிட்டு முன்கூட்டியே சொன்னதா ரோம் வரலாற்று ஆசிரியர் லிவி எழுதியிருக்காரு. ரோமர்கள் பயப்படல, எதிர்ல இருந்த மாசிடோனியாக்காரங்கதான் அலறினாங்க.