ஆத்தங்குடித் தரையைப் படமெடுப்பது

அன்புள்ள ஐயா,

கோலம், பாய், தரை என்று கண்ணில் படுகிற வடிவங்களையெல்லாம் செல்போனில் எடுத்துவருகிறேன். போன மாதம் காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் ஆத்தங்குடி டைல்ஸ் போட்ட தரையை 40 படங்கள் எடுத்தேன். நேரில் சொக்கிப்போய் நின்றேன். படத்தில் பார்த்தால் துணிக்கடையின் சாம்பிள் புத்தகம் மாதிரி இருக்கிறது. நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா?

ச., மதுரை

அன்புள்ள ச.,

கேமரா இப்போதைக்கு வேண்டாம். 40 படங்களையும் நின்றவாக்கில், நேர்கீழே பார்த்து எடுத்திருக்கிறீர்கள். அதனால்தான் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன.

ஆத்தங்குடிக்கே போய் ஒரு பட்டறையில் அரை நாள் உட்காருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்குவார்கள். அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கையாலேயே ஊற்றுவார்கள். அப்புறம் அச்சைத் தூக்கிவிடுவார்கள். அந்த நொடியில் பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு, மயிரிழை அளவுக்குக் கலங்கும். எனக்கு அந்தக் கல்லில் மிகப் பிடித்தது அந்த இழைதான். மேலே மணலும் சிமெண்டும் போட்டு நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுகிறார்கள். சூளை கிடையாது. பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது.

இதைப் பார்த்துவிட்டால் எங்கே நிற்பது என்பது தானாகத் தெரியும். கலங்கிய ஓரம் வேண்டுமா? ஒற்றைக் கல்லை நெருங்கிப் போங்கள். முற்றத்து வானம் கல்லில் மின்னாதபடி உங்கள் நிழலாலேயே மறைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் மினுக்கம் வேண்டுமா? தரையோடு தரையாகக் குனியுங்கள். தூண்களெல்லாம் பூக்களின் மேல் தலைகீழாக விழுந்து கிடக்கும்.

காய் கனிகளிலும் இப்படித்தான் பழகினேன். ஓர் அன்னாசியை மேசையில் வைத்து, சாய்ந்து ஏறும் வரிசைகளை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் 8, எதிர்ப்பக்கம் 13 வரும். எண்ணுவதற்காகத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான், அடியிலிருந்து மஞ்சள் மெல்ல மேலேறுவதைக் கவனித்தேன். அன்றைக்கு எடுத்த படத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

உங்கள் 17-வது படத்தில், வலது ஓரத்தில், ஒரு கல்லைத் திருப்பிப் பதித்திருக்கிறார்கள். பூவின் கால் பாகம் வேறு திசையைப் பார்க்கிறது. படத்தில் அது பாதிதான் வந்திருக்கிறது. அந்த வீட்டுக்கு மறுபடி போக முடிந்தால் அந்தக் கல்லிலிருந்து தொடங்குங்கள்.