செவப்பா இருக்குற 5 ரூபா காயின் எரர் காயினா?

“2001 போட்ட தடி 5 ரூபா ஒண்ணு கெடச்சுது, செம்பு மாதிரி செவப்பா இருக்கு, தயாரிக்கும்போதே தப்பா மெட்டல் மாத்தி அடிச்ச எரர், விட்றாதீங்கன்னு ஒருத்தர் சொல்றார், உண்மையா?”ன்னு கேட்டிருக்கீங்க.

மொதல்ல நகைக்கடை தராசுல வைங்க. அந்த தடி காயின் 75% செம்பு, 25% நிக்கல், எடை 9 கிராம், தேய்மானத்துல கொஞ்சம் கொறையலாம். வேற மெட்டல்ல அடிச்சிருந்தா பெரும்பாலும் எடைலயே தெரிஞ்சிரும். எடை சரியா இருந்தா லென்ஸ் வச்சு சிங்கத்தோட மூக்கு, 5-ங்கிற நம்பரோட மேல்பக்கம் பாருங்க, கை மாறி கை மாறி வந்த காயின்ல மேடான இடம்தான் மொதல்ல தேயும், அதனால மிண்ட்லயே, அதாவது காயின் அடிக்கிற ஆலையிலயே, மேலாக்க கலர் புடிச்சிருந்தா அந்த இடத்துல அது போயி வெள்ளையாத்தான் இருக்கணும். மூக்கு மழுங்கியும் அது மேலயே செவப்பு ஒரே சீரா இருக்கா, பழைய கீறலுக்குள்ளயும் அதே செவப்பா? அப்போ தேஞ்சதுக்கு அப்புறம் வந்த கலர்தான் அது. நெருப்புல விழுந்திருக்கும், ஆசிட் பட்டிருக்கும், இல்ல யாராவது மயில்துத்தக் கரைசல்ல பேட்டரி வச்சு செம்பு முலாம் ஏத்தியிருப்பாங்க, இது ரொம்ப ஈஸி. அதுக்கு அஞ்சு ரூபாய்க்கு மேல ஒரு பைசா குடுக்காதீங்க.

பழைய வெள்ளி ரூபாய்ல கதையே வேற. விக்டோரியா ரூபாய்ல ஓரத்துல மஞ்சள், அப்புறம் ஊதா, நீலம்னு வரும் பாருங்க, காத்துலயும் பழைய பேப்பர்லயும் இருக்குற கந்தகம் வெள்ளியோட சேர்ந்து மெல்லிசா படியுது, அந்தப் படலம் தடிக்க தடிக்க கலர் மாறுது, நெஜமாவே அழகு அது! ஆறாம் ஜார்ஜ் காலத்துல 1940-லேர்ந்து 45 வரைக்கும் அடிச்ச ரூபாய்ல பாதிதான் வெள்ளி, மீதியில பெரும்பங்கு செம்பு, அதனால தேஞ்ச மேட்டுல லேசா மஞ்சளோ செவப்போ அடிச்சா பயப்படாதீங்க.

எதுவா இருந்தாலும் புளி, எலுமிச்சை, விபூதி, பேஸ்ட் போட்டு தேய்க்கவே தேய்க்காதீங்க, தயவு செஞ்சு. தேய்ச்ச காயின்ல பொடிப்பொடியா கீறல் விழுந்துரும், வாங்குறவங்க ஒரே பார்வையில கண்டுபுடிச்சு விலையக் கொறச்சிருவாங்க. பச்சையா பிசுபிசுன்னு இருந்தா மட்டும் அது காயின் வைக்கிற பிவிசி பிளாஸ்டிக் ஆல்பத்தோட வேலை, சுத்தமான அசிட்டோன்ல ஊற வச்சு எடுங்க, அடுப்பு பக்கம் வேணாம், ஜன்னலத் தெறந்து வைங்க, ஆல்பத்தையும் மாத்திருங்க.