6205 பேரிங் மூன்று மாதத்தில் போய்விடுகிறது. 6305 போட்டால் சரியாகுமா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் பெல்ட்டில் ஓடும் ப்ளோயர், 25 மி.மீ. ஷாஃப்ட், 1440 ஆர்பிஎம், ஒரு ஷிஃப்ட். புல்லி பக்கத்து 6205 (இது பால் பேரிங்கின் சைஸ் எண்) மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறது, கடைக்காரர் 6305 போடச் சொல்கிறார், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குப் போடாதீர்கள். இரண்டுக்கும் உள்விட்டம் 25தான். ஆனால் 6205-இன் வெளிவிட்டம் 52, அகலம் 15. 6305-க்கு 62, 17. ஹவுசிங்கை, அதாவது பேரிங் உட்காரும் கூட்டை, 10 மி.மீ. பெரிதாகக் கடைந்த பிறகு, காரணம் வேறு என்று தெரிந்தால் பழையபடி ஆக்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். 6205-இன் டைனமிக் லோட் ரேட்டிங், அதாவது ஓடும் பேரிங்கின் சுமைத் திறன், சுமார் 14 கிலோ நியூட்டன். அதை பேரிங் மேல் விழும் லோடால் வகுத்து, மும்மடி எடுத்தால் ஆயுள் பத்து லட்சம் சுற்றுகளில் வரும். லோடு 2 கிலோ நியூட்டன், அதாவது 200 கிலோ சுமை என்றால் 7-இன் மும்மடி 343. 1440 ஆர்பிஎம்மில் அது கிட்டத்தட்ட 3,970 மணி நேரம். லோடு பாதியானால் ஆயுள் எட்டு மடங்கு. உங்களுக்கு நாளைக்கு 10 மணி, மாதம் 26 நாள் என்று வைத்தால் மூன்று மாதம் 780 மணிதான். லோடால் மட்டுமே 780 மணியில் போக வேண்டுமென்றால் அந்த ஒரு பேரிங் மேல் 350 கிலோ விழ வேண்டும். பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி முறுக்கி வைத்திருந்தால் ஒழிய அது வராது. இது பத்தில் ஒன்பது பேரிங் தாண்டும் ஆயுள்தானே, இவருடையது பத்தாவதாக இருக்கலாமே என்று யாராவது எழுதுவார்கள். ஒருமுறை இருக்கலாம். ஒவ்வொரு மூன்று மாதமும் பத்தாவது பேரிங்கே வராது.

ஆகவே பழைய பேரிங்கைத் தூக்கிப் போடாமல் பிரியுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பந்துகளைப் பிடித்திருக்கும் கேஜின் ரிவெட்டைக் கிரைண்டரில் தேய்த்து எடுத்தால், 9 பந்துகளையும் ஒரு பக்கம் ஒதுக்கி உள் வளையத்தைக் கழற்றிவிடலாம். டீசலில் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள்.

பந்துக்குப் பந்து இருக்கும் அதே இடைவெளியில் சின்னக் குழிகள் இருந்தால், மாட்டும்போது சுத்தியலால் வெளி வளையத்தில் அடித்திருக்கிறார்கள். அடி பந்து வழியாகப் போய்ப் பாதையைக் குழியாக்கியிருக்கிறது. ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும்தான் பைப் வைத்துத் தள்ள வேண்டும். பந்து ஓடிய தடம் பள்ளத்தின் நடுவில் இல்லாமல் ஓரமாகச் சுற்றிலும் போயிருந்தால், இரண்டு பக்க பேரிங்கையும் இறுக்கிப் பூட்டியிருக்கிறீர்கள். அரை மீட்டர் ஷாஃப்ட் 40 டிகிரி சூடேறினால் கால் மி.மீ. நீளும், அது போக இடம் வேண்டும். ஒரு பக்கம் பூட்டு, மறுபக்கம் ஹவுசிங்கில் நகர விடுங்கள். வாஷ்போர்டு மாதிரி வரிவரியாக இருந்தால் மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் வழியாகக் கரண்ட் பாய்கிறது. மோட்டார் பேரிங்கில்தான் இதை அதிகம் பார்க்கலாம், உங்கள் ப்ளோயரில் வாய்ப்பு குறைவு.

நான் அதிகம் சந்தேகப்படுவது ஃபிட், அதாவது ஷாஃப்டில் பேரிங் எவ்வளவு இறுக்கமாக உட்கார்கிறது என்பது. உள் வளையத்தின் உள்பக்கம் பளபளவென்று தேய்ந்தோ செம்பழுப்புப் பொடி படிந்தோ இருந்தால், ஷாஃப்ட் மேல் பேரிங் வழுக்கிச் சுற்றியிருக்கிறது. கையால் ஏறட்டும் என்று எமரி ஷீட் போட்டுத் தேய்ப்பதும், பிறகு லூஸானதும் சென்டர் பஞ்சால் புள்ளி குத்துவதும் எல்லா ஷாப்பிலும் நடக்கிறது. புள்ளியின் முனை மட்டும்தான் பேரிங்கைத் தாங்கும், ஒரு மாதத்தில் அது மழுங்கிவிடும். 25 மி.மீ. ஷாஃப்டுக்கு கே6 என்ற ஃபிட் அளவு என்றால் 25.002-இலிருந்து 25.015 வரை. மைக்ரோமீட்டரில் மூன்று இடம் அளந்து பாருங்கள். 25-க்குக் கீழே இருந்தால் மெட்டல் ஏற்றிக் கடைந்து கிரைண்ட் செய்யுங்கள், அல்லது புது ஷாஃப்ட். ஹவுசிங் துளைக்கு ஹெச்7 அளவு, 52.000-இலிருந்து 52.030.

புல்லியையும் பாருங்கள். பேரிங்குகளுக்கு நடுவே 300 மி.மீ., புல்லி வெளியே 100 மி.மீ. தள்ளி இருந்தால், பெல்ட் 150 கிலோ இழுக்கும்போது புல்லி பக்க பேரிங் தாங்குவது 200 கிலோ. புல்லியை உள்ளே தள்ளுங்கள். வி-பெல்ட்டை நடுவில் அழுத்தினால் ஒரு மீட்டர் இடைவெளிக்கு சுமார் 16 மி.மீ. இறங்க வேண்டும்.

இதைச் சொல்லாமல் விட மனமில்லை. பர்ச்சேஸ் செய்பவர் சீட்டில் வெறும் "6205" என்று எழுதுகிறார், பின்னால் வரும் டூஆர்எஸ், சி3 போன்ற எழுத்து எழுதுவதே இல்லை, குறைந்த கொட்டேஷனுக்கு ஆர்டர் போகிறது. பேரிங் போனதும் திட்டு வாங்குவது மாட்டிய பையன். அவனுக்கு மைக்ரோமீட்டரும் கொடுப்பதில்லை, தமிழில் ஒரு ஃபிட் சார்ட்டும் ஒட்டுவதில்லை. இரண்டும் இருந்தால் ஐடிஐ முடித்த யாரும் இந்த வேலையைச் சுத்தமாகச் செய்வார்கள்.

வாங்கும்போது 6205 டூஆர்எஸ் என்று கேளுங்கள். ரப்பர் சீல் தூசியையும் நம்மூர் ஈரத்தையும் தடுக்கும். உங்கள் வேகத்துக்கு அது சூடாகாது. இசட்இசட் தகடு உரசாது, ஆனால் ஈரத்தை விடும். சி3 என்றால் தரம் உயர்ந்தது என்று நினைக்காதீர்கள், உள்ளே பந்துக்கும் வளையத்துக்கும் இடைவெளி அதிகம், அவ்வளவுதான். இந்த சைஸில் சாதாரணம் 5 முதல் 20 மைக்ரான், சி3 13 முதல் 28. ப்ளோயர் சூடான காற்றை இழுத்து ஷாஃப்ட் கொதித்தால் மட்டும் சி3. பாரிமுனையில் வாங்கினாலும் அங்கீகார டீலரிடம் பில்லோடு வாங்குங்கள். சீல் வைத்ததைக் கழுவாதீர்கள், 80 டிகிரிக்கு மேல் சூடாக்கி ஏற்றாதீர்கள்.