இரண்டு கோப்பையும் ஒரே அணிக்கு: எதிரில் ஆடுவது யார்?

கேள்வி: திருப்பூரில் எட்டு அணிகளுடன் ஞாயிறுதோறும் கால்பந்து லீக் நடத்துகிறோம், தனியாக நாக்-அவுட் போட்டியும் உண்டு. இரண்டிலும் வென்ற அணிகளை மோதவிட்டு, இந்த ஆண்டு முதல் சூப்பர் கோப்பை நடத்துவதாக அறிவித்தோம். இரண்டையும் ஒரே அணி வென்றுவிட்டது. லீக்கில் இரண்டாம் இடம் பிடித்த அணியும், நாக்-அவுட் இறுதியில் தோற்ற அணியும் அந்த வாய்ப்பு தங்களுக்கே என்கின்றன. யாரை அழைப்பது?

பதில்: லீக்கில் இரண்டாம் இடம் பிடித்த அணியை அழைப்பதே நியாயம். ஆனால் அந்த விதியை அடுத்த ஆண்டுக்கு எழுதி வையுங்கள். முடிவு தெரிந்த பிறகு எழுதும் விதி, எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், ஒரு தரப்புக்காக எழுதியதாகவே பேசப்படும்.

உலகத்திலும் இதற்கு ஒரே விடை இல்லை. 1908-இல் தொடங்கிய, இங்கிலாந்தின் சூப்பர் கோப்பையான கம்யூனிட்டி ஷீல்டில், ஒரே அணி இரண்டையும் வென்றால் லீக்கின் இரண்டாம் அணி வரும். ஜெர்மனியிலும் அப்படித்தான். இத்தாலியில் இரண்டு அணிகள் மட்டும் ஆடிய காலத்தில், கோப்பை இறுதியில் தோற்ற அணிக்கே அந்த இடம். ஸ்பெயினில் 1984-இல் அத்லெடிக் பில்பாவோவுக்கும் 1989-இல் ரியல் மாட்ரிட்டுக்கும் ஆட்டமே இல்லாமல் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். அந்த வழி மட்டும் வேண்டவே வேண்டாம். ஆட்டத்தைப் பார்க்க வரும் ஊர்க்காரர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

நான் லீக் பக்கம் நிற்கக் காரணம் இருக்கிறது. எட்டு அணிகள் ஒரு சுற்று ஆடினாலே ஒவ்வொன்றுக்கும் ஏழு ஆட்டம். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, இரவு வேலையும் முடித்துவிட்டு, மறுநாள் மைதானத்துக்கு வந்து நிற்கும் பனியன் கம்பெனிப் பையன்கள் ஏழு வாரம் விடாமல் ஆடிப் பிடித்த இடம் அது. நாக்-அவுட்டில் நல்ல குலுக்கல் விழுந்தால் இரண்டு மூன்று ஆட்டத்திலேயே இறுதிக்கு வந்துவிடலாம்.

இந்த ஆண்டுக்கு ஒரு வழி: உரிமை கேட்கும் இரண்டு அணிகளையும் சூப்பர் கோப்பைக்கு முந்தைய ஞாயிறு தகுதிச்சுற்றாக மோதவிடுங்கள். சமநிலை என்றால் கூடுதல் நேரம் இல்லாமல் நேராகப் பெனால்டி. வெல்பவர் சூப்பர் கோப்பைக்கு வரட்டும். இரண்டையும் வென்ற அணிக்கு அந்த வாரம் ஓய்வு. அது அவர்கள் சம்பாதித்த சலுகை.

நான்கு அணிகளாக நடத்தலாம் என்று உங்கள் குழுவில் யாராவது சொல்லக்கூடும். ஸ்பெயின் 2020 முதல் அப்படித்தான் நடத்துகிறது. நம் நாட்டில் 1997 முதல் 2011 வரை லீக் சாம்பியனும் ஃபெடரேஷன் கோப்பை வென்ற அணியும் மோதிய சூப்பர் கோப்பை இருந்தது. 2018-இல் அதே பெயரில் வந்ததோ பல அணிகள் ஆடும் நாக்-அவுட். கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு 2018–19 ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி, புவனேஸ்வரில் நடந்த அந்தப் போட்டியில் பெங்களூருவை வீழ்த்தி அரையிறுதி வரை போனதை நம் பகுதி ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எனக்கும் அது இன்றுவரை பெருமைதான். ஆனாலும் உங்களிடம் ஏற்கெனவே ஒரு நாக்-அவுட் இருக்கிறது. இன்னொன்று எதற்கு? வென்றவர்கள் மோதும் ஒரே ஆட்டம் என்பதில்தான் இந்தக் கோப்பைக்கு மதிப்பு.

நாள் குறிக்கும்போது தீபாவளியை ஒட்டி வைக்காதீர்கள்; பாதி ஆட்டக்காரர்கள் போனஸ் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். புதிய லீக் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு மாலை பொருத்தமாக இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சண்டை நிச்சயம் அங்கேதான் வரும்: வெளியூர் ஆட்டக்காரர்கள். நாக்-அவுட்டுக்கு மட்டும் பாலக்காட்டிலிருந்து இரண்டு பேரை அழைத்துவரும் வழக்கம் இங்கே உண்டு. தகுதிச்சுற்றுக்கும் சூப்பர் கோப்பைக்கும் லீக்கில் பதிவு செய்த பட்டியலே செல்லும் என்று இப்போதே எழுதி, மூன்று அணித் தலைவர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நாக்-அவுட்டில் மட்டும் ஆடிய அணிக்கு லீக் பட்டியல் இருக்காது. அந்த அணி நாக்-அவுட்டுக்குக் கொடுத்த பட்டியலில் உள்ளூர்க்காரர்களை மட்டும் அனுமதியுங்கள்.