கிளவுஸ் போட்டால் கை கழுவ வேண்டாமா?

உணவகம், மெஸ், கல்யாண சமையல் நடத்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

மெஸ்ஸில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். எல்லோருக்கும் கிளவுஸ் வாங்கிக் கொடுத்துவிட்டேன். போதும்தானே?
– மெஸ் உரிமையாளர், திண்டுக்கல்

போதாது. வெறுங்கை பிசுபிசுத்தால் உடனே கழுவத் தோன்றும். கிளவுஸுக்குள் அந்த உணர்வே வராது. அதே கிளவுஸோடு கோழியைக் கழுவி, சிலிண்டரைத் திருகி, போனை எடுத்துப் பேசிவிட்டு, இலையில் அப்பளமும் வைப்பார்கள். உள்ளே கை வியர்த்துக் கிருமி பெருகும். ஒரு சின்னக் கிழிசல் போதும், அது சோற்றில் இறங்கிவிடும்.

போடும் முன்பும் கழற்றிய பின்பும் கை கழுவ வேண்டும். பச்சைக் கறியிலிருந்து வெந்த உணவுக்கு மாறும்போது, காசைத் தொட்டபோது, கிழிந்தபோது புது ஜோடி போட வேண்டும். வாயால் ஊதிப் பிரிப்பதும், அலசிக் காயவைத்து மறுநாள் மாட்டுவதும் கூடவே கூடாது. தோசைக்கல், பரோட்டாக்கல் பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் கிளவுஸே வேண்டாம். சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அங்கே சுத்தமான வெறுங்கையும் தோசைத் திருப்பியும் இடுக்கியும்தான் சரி.

கை கழுவுவதென்றால் ஓடும் தண்ணீரில் நனைத்து, சோப்புப் போட்டு, குறைந்தது 20 விநாடி தேய்ப்பது. அவசரத்தில் விட்டுப்போவது கட்டைவிரலும் விரல் நுனியும் நகக்கண்ணும். அண்டாவில் மக்கை விட்டு மொள்ளும் வழக்கம் இருந்தால் குழாய் வைத்த டிரம் ஒன்று வாங்கிவிடுங்கள். அழுக்குக் கை பட்ட மக், கழுவிய கைக்கே திரும்பி வருகிறது. கிளவுஸுக்கு ஆகும் பணத்தைவிட இது நல்ல செலவு. கழுவிய கையைத் தோள் துண்டில் துடைத்தால் பட்ட பாடு வீண். வியர்வை, மேசை, தட்டு எல்லாவற்றுக்கும் அதே துண்டுதானே! டிஷ்யூ பேப்பரில் துடைத்து, அதைக் கொண்டே குழாயை மூடச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் சானிடைசர்?
– டீக்கடைக்காரர், ஈரோடு

எண்ணெயும் மாவும் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. வாந்தி, பேதியைப் பரப்பும் நோரோவைரஸிடமும் ஆல்கஹால் அதிகம் எடுபடாது. சோப்பும் தண்ணீரும்தான். கழுவிய பிறகு கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவே.

காய் வெட்டும்போது விரல் அறுபட்டால் பிளாஸ்திரி ஒட்டி வேலையைத் தொடரலாமா?
– கல்யாண சமையல் ஒப்பந்தக்காரர், கும்பகோணம்

சீழ் இல்லாத சின்னக் காயமென்றால் தொடரலாம். தண்ணீர் புகாத பிளாஸ்திரி, அதன்மேல் கிளவுஸ். நீல நிறப் பிளாஸ்திரி வாங்குங்கள். நீலமான உணவு அரிது என்பதால் கழன்று விழுந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

சீழ் வைத்திருந்தால் உணவில் கை வைக்கவே விடாதீர்கள். காயத்திலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி, ஆறிய உணவில் பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். முந்தைய நாள் இரவே அவித்துக் கையால் உரித்து வெளியில் குவித்து வைக்கும் உருளைக்கிழங்கும், கையால் உருட்டி அடுக்கும் பால் இனிப்புகளும் இதற்கு வாகானவை. தயாரானதைச் சூடாக வைத்தால் 60 டிகிரிக்கு மேல், குளிரில் வைத்தால் 5 டிகிரிக்குக் கீழ்.

மாஸ்டருக்கு வயிற்றுப்போக்கு. எத்தனை நாள் லீவு கொடுப்பது?
– ஓட்டல் மேலாளர், நாகர்கோவில்

நின்றபின் 48 மணி நேரம் கழியும் வரை சமையலறைப் பக்கம் வேண்டாம். டைஃபாய்டு என்றால் மருத்துவர் சொன்ன பிறகுதான். காய்ச்சல் விட்டாலும் சிலருக்குப் பித்தப்பையில் கிருமி தங்கி, மலத்தில் வெளியேறிக்கொண்டே இருக்கும். மலப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். நியூயார்க்கில் மேரி மல்லன் என்ற சமையல்காரர் நோயே தெரியாமல் டைஃபாய்டு பரப்பியது 1907இல் பிடிபட்டது. சமைக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டதால் 1910இல் விடுவித்தார்கள். துவைக்கும் வேலையில் கூலி குறைவு. பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி சமைக்கப் போய், 1915இல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் சிக்கினார்.

நம் ஊர்ச் சிக்கலும் கூலிதான். லீவு போட்டால் சம்பளம் வெட்டு என்றால் எந்த மாஸ்டர் வயிற்றுப்போக்கைச் சொல்வார்? அந்த இரண்டு நாள் சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறையின் நான்காம் அட்டவணைப்படி ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனை கட்டாயம். குடல் நோய்த் தடுப்பூசியும் கட்டாயம். சான்றிதழைக் கடையிலேயே வைத்திருங்கள்.

மணிக்கட்டில் சாமிக் கயிறு கட்டியிருப்பவரிடம் கழற்றச் சொல்லலாமா?
– வாசகி, மதுரை

கயிறு ஈரத்தையும் அழுக்கையும் பிடித்து வைக்கும். அது இருக்கும்வரை மணிக்கட்டைச் சரியாகக் கழுவ முடியாது. மேல்கையிலோ இடுப்பிலோ கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், மனம் நோகாது. கல் வைத்த மோதிரம், வளையல், வாட்ச், நகப்பூச்சு கூடாது. மல்லிகைப் பூவை வேலை முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். முடியைக் காதுவரை மூடும் தொப்பி அவசியம். தாடிக்கும் வலை உண்டு.

குழம்பை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்ப்பது தவறா?
– சமையல் மாஸ்டர், சேலம்

நக்கிய கையைக் கழுவாமல் கரண்டியைப் பிடிப்பதுதான் தவறு. அகப்பையிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, தனி ஸ்பூனால் ருசி பாருங்கள். அந்த ஸ்பூன் மறுபடி பாத்திரத்துக்குள் போகக் கூடாது.