இங்கிலாந்தில் ‘நான்-லீக்’ கால்பந்து வீரர் என்றால் யார்?

இங்கிலாந்துக் கால்பந்தின் மேல் நான்கு டிவிஷன்களில் 92 கிளப்கள் உண்டு. அவற்றுக்குக் கீழே, ஐந்தாம் நிலை முதல் ஆடுகிறவர்தான் நான்-லீக் வீரர். கீழே போகப் போக டிக்கெட் வருமானம் குறைவு, டிவி பணமும் சொற்பம். அதனால் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறார்கள். கடையையும் கவனித்துக்கொண்டு முகூர்த்த நாளில் மேளம் வாசிக்கப் போகிறவரைப் போலத்தான்.

ரோனி ராட்ஃபோர்ட் ஒரு தச்சர். மேல்நிலை, கீழ்நிலை கிளப்கள் ஒன்றோடொன்று மோதும் எஃப்.ஏ. கோப்பையில், 1972-இல், சதர்ன் லீக் என்ற நான்-லீக் தொடரில் ஆடிய ஹெரிஃபோர்டுக்காகச் சேற்று மைதானத்தில் வெகு தொலைவிலிருந்து அவர் அடித்த கோல், அப்போதைய உச்ச நிலையான முதல் டிவிஷனில் இருந்த நியூகாசிலுடனான ஆட்டத்தைச் சமன் செய்தது. அப்புறம் கூடுதல் நேரத்தில் ஹெரிஃபோர்ட் 2-1 என வென்றது. எனக்கு இதைவிடப் பிடித்த கோல் இல்லை.

நான்-லீக் என்றாலே சம்பளமில்லாத ஆட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஐந்தாம் நிலையான நேஷனல் லீகில் பல கிளப்கள் வீரர்களுக்கு முழுநேரச் சம்பளமே தருகின்றன.